பன்னிரண்டாம் நிலையத்திலிருந்து ஒரு ராஜினாமா

நீண்டகாலச் சூழலியல் ஆய்வுக்கான தேசிய வலையமைப்பின் ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கும், என் மனைவியின் தம்பிக்கும் (இருவரும் ஒருவரே என்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறது), பன்னிரண்டாம் நிலையத்தின் பொறுப்பாளரும் உன் அத்தானுமாகிய நான் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம். மழைமானி சௌக்கியம். எறும்புகள் சென்ற மாதத்தைவிட அதிகம். அங்கே தாங்களும் தங்கள் குடும்பமும் மற்றப் பதினொரு நிலையங்களும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும்.

பொருள்: பொறுப்பிலிருந்து விலகுதல்.

ஐயா, தம்பி,

சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நிலையத்தைத் தங்கள் பட்டியலிலிருந்து உடனே நீக்கிவிடவும். என் மூன்று ஆண்டுப் பதிவேட்டை யாருக்கும் காட்ட வேண்டாம். வலையமைப்பைத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குழு வருகிற இருபதாம் தேதி கூடுகிறது, அதன் முன்னால் பன்னிரண்டு நிலையங்களையும் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு விடுபடாத பதிவையும் நீ வைத்தாக வேண்டும், ஒன்று குறைந்தாலும் வலையமைப்பையே கலைத்துவிட்டு உன்னை ஏதாவது ஒரு மூலை அறையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கும் புரியும், எனக்கும் தைரியம் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனவன் அரைமணி நேரமாகத் திரும்பி வரவில்லை. வழுக்கி விழுந்துவிட்டாயோ என்று பதறி ஓடி வந்தால், மரத்தடியில் முட்டி போட்டு உட்கார்ந்து மண்ணை முகர்ந்துகொண்டிருந்தாய். "அத்தான், இந்த இடம் அருமையா இருக்கு! இதுல யாரும் கையே வைக்கலையா?" என்று கேட்டாய். அந்த இடத்தை அதுவரை யாரும் அருமை என்று சொன்னதில்லை. "துணி காயப்போடணும், அந்தப் புதரைக் கொஞ்சம் வெட்டிக் கொடுங்க" என்று உன் அக்கா பதினைந்து வருஷமாகக் கேட்க, நானும் பதினைந்து வருஷமாக ஆகட்டும், ஆகட்டும் என்று சொல்லி வந்ததால் உண்டான அருமை அது. சோம்பேறித்தனத்துக்கு அறிவியலில் இப்படி ஒரு மரியாதை இருப்பது முன்பே தெரிந்திருந்தால் வீடு முழுவதையும் அப்படியே விட்டிருப்பேன்.

அப்புறம் நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினாய். "ஒரு இடத்தை ஒரு வருஷம் பார்த்தா ஒண்ணும் தெரியாது அத்தான். நாடு முழுக்கப் பல இடத்துல, ஒரே முறையில, முப்பது நாப்பது வருஷம் விடாம அளந்துகிட்டே இருக்கணும். எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் மண்ணுக்கும் மரத்துக்கும் என்ன ஆகுதுன்னு தெரியும். காடு, மலை, சதுப்பு எல்லாம் கிடைச்சிருச்சு. ஊருக்குள்ள ஒரு இடம்தான் கிடைக்கலை." எனக்கு அறுபது வயது ஆகிறதே, நாற்பது வருஷம் யார் அளப்பது என்று கேட்டேன். "அதைப் பத்தி நீங்க ஏன் கவலைப்படறீங்க? நீங்க போனாலும் பதிவேடு இருக்கும்" என்று ஆறுதல் சொன்னாய். இப்படி ஓர் ஆறுதலை வேறு யார் சொல்லியிருந்தாலும் அன்றைக்கே உறவை முறித்திருப்பேன். ஆனால் பதிவேடு என்ற சொல் காதில் விழுந்ததும் நான் மயங்கிவிட்டேன். முப்பத்துநான்கு வருஷம் அலுவலகத்தில் தபால் பிரிவுக்குத் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். என் பதிவேடுகளில் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை. ஒரு காகிதம் தட்டை விட்டுக் கீழே கிடந்ததில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், என் நாசம் இதில்தான் ஆரம்பம்.

அடுத்த மாதமே தங்கள் ஆட்கள் இருவர் முக்காலியும் அளவு நாடாவுமாக வந்து, பத்துக்குப் பத்து அடியில் நாலு இரும்பு முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். மரத்துக்கு ஓர் எண் கொடுத்தார்கள். உதிரும் இலையைப் பிடிக்க நாலு குச்சியில் ஒரு வலைக்கூடையைத் தொங்கவிட்டார்கள். கயிற்றுக்குள் எதையும் தொடக்கூடாது, பிடுங்கக்கூடாது, பெருக்கக்கூடாது என்று நாற்பத்தாறு பக்க விதிப் புத்தகம் ஒன்றையும் தந்தார்கள். இதையெல்லாம் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர், "என்ன சார், ரோடு வருதா?" என்று கேட்டார். "இல்லைங்க, எறும்பு எண்ணப் போறோம்" என்று உள்ளதைச் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? இரண்டே நாளில் தெருவில் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று நகராட்சிக்குப் போய்விட்டது. சாலை வேண்டாம் என்று ஒன்பது பேர், சீக்கிரம் வேண்டும் என்று பதின்மூன்று பேர், எல்லாம் ஒரே மனுவில். நகராட்சிப் பொறியாளர் வந்தார். முளைகளைப் பார்த்தார். வேறு ஏதோ துறை தன்னை முந்திக்கொண்டது என்று அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்து, பக்கத்திலேயே தன் பங்குக்கு நாலு முளை அடித்துவிட்டுப் போனார். அவர் அடித்ததில் இரண்டு கயிற்றுக்குள் விழுந்துவிட்டதால், விதிப்படி நான் இன்றுவரை அவற்றைப் பிடுங்கவில்லை.

அது போகட்டும். முதல் வருஷப் புயலில் ஒரு பெரிய கிளை முறிந்து, உன் அக்கா துணிக்கொடியையும் இழுத்துக்கொண்டு, கயிற்றுக்குள் போய் விழுந்தது. பதினான்காம் விதி, விழுந்தது விழுந்தபடி கிடக்க வேண்டும் என்கிறது. "கிளை கிடக்கட்டும், என் கொடியும் உங்க ஆராய்ச்சியா?" என்று உன் அக்கா கேட்டாள். புத்தகத்தைப் புரட்டினேன், கொடியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இல்லாததைத் தொட எனக்கு அதிகாரம் இல்லையே? நாலு மாதம் துணியெல்லாம் கூடத்தில்தான் காய்ந்தது. என்னைப் பார்க்க வந்தவர்கள் ஈரப் போர்வைகளை விலக்கி விலக்கி என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாம் வருஷம் சம்பந்தி வந்தார். நம் பெண்ணின் மாமனாரை உனக்குத் தெரியும், தங்கமான மனிதர், சும்மா இருக்கத் தெரியாதவர். மாத அறிக்கையைத் தபாலில் சேர்க்க நான் வெளியே போன ஒரு மணி நேரத்தில் கயிற்றுக்குள் இறங்கிக் களை எடுத்துவிட்டார். எண் வில்லை கட்டிய முப்பத்தேழு செடிகளில் பத்தொன்பதைக் காணோம். நான் வந்ததும் சிரித்த முகமாக நின்றுகொண்டு, "இந்த பிளாஸ்டிக் வில்லை எல்லாம் செடியோட கழுத்தை இறுக்கிக்கிட்டு இருந்துது சம்பந்தி, பாவமா இருந்துச்சு, கழட்டி வரிசையா அடுக்கி வச்சுட்டேன்" என்றார். பெண்ணைக் கொடுத்த இடம், வாயைத் திறக்க முடியுமா? "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அறிக்கைப் படிவத்தில் 'இடையூறு செய்த உயிரினம்' என்று ஒரு கட்டம் உண்டல்லவா, அதில் சம்பந்தி என்று எழுதினேன். பத்து நாளில் தங்கள் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது: மேற்படி உயிரினம் தனியாக வந்ததா, கூட்டமாக வந்ததா, தோராயமான எடை என்ன, மீண்டும் வர வாய்ப்பு உண்டா? தனியாகத்தான் வந்தார், எடையைக் கேட்கும் உறவு அல்ல, தலைப்பிரசவத்துக்கு மறுபடி வருவார் என்று பதில் அனுப்பினேன்.

அன்றைக்கு நீ தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒன்று சொன்னாய். "கவலைப்படாதீங்க அத்தான். இடையூறும் ஒரு தகவல்தான். நடந்ததை நடந்தபடி எழுதிட்டா எதுவும் கெட்டுப்போகாது. மாத்தி எழுதினாத்தான் எல்லாம் போச்சு." நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் தொலைபேசியை வைத்ததும் விதிப் புத்தகத்தில் கூடையைப் பற்றிய பக்கத்தைத் தேடிப் புரட்டினேன். ஏனென்றால் அதற்குள் நான் ஒன்றரை வருஷமாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன்.

சொல்லிவிடுகிறேன். வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடையில் விழுந்த இலையை எடை போட வேண்டும். முதல் வாரம் ஏழு இலை இருந்தது, எழுதினேன். இரண்டாம் வாரம் ஒன்றுமே இல்லை. சுழியம் போட்டேன். போட்ட கை கூசியது. மூன்றாம் வாரமும் கூடையில் நாலே நாலு. ஆனால் கயிற்றுக்கு வெளியே, நடைபாதையில், அதே மரத்து இலை ஒரு முறம் கிடக்கிறது! உனக்கு எப்படியோ, எனக்கு அது தபால் தட்டை விட்டுக் கீழே விழுந்து கிடக்கும் கடிதங்களாகத்தான் தெரிந்தது. கூடைக்கு வரவேண்டிய இலை, காற்று அடித்ததால் வழி தவறிப் போயிருக்கிறது. எடுத்துச் சேர்ப்பிக்க வேண்டாமா? ஆறரை மணிக்கு நடைபாதையைச் சுத்தமாகப் பெருக்கி, குப்பை, குச்சி எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, இலையை மட்டும் கூடையில் போட்டு, ஏழு மணிக்கு எடை போட்டேன். கயிற்றுக்குள் கிடந்த ஒரு இலையைக்கூடத் தொடவில்லை, விதி விதிதான். அன்றிலிருந்து மூன்று வருஷமாக ஒரு செவ்வாய்கூட விடவில்லை. கூடையில் தானாக வந்து விழுவதை மட்டும் எடை போட வேண்டும் என்பது நீ அன்றைக்குத் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எடை திடீரென்று விழும், ஏன் விழுந்தது என்று விளக்கம் கேட்பார்கள், என்னவென்று எழுதுவேன்? அதனால் தொடர்ந்து பெருக்கினேன்.

போன வாரம் தங்கள் அலுவலகத்துப் புள்ளிவிவர அதிகாரி, அந்தக் கண்ணாடி போட்ட அம்மா, வரைபடத்தோடு வந்தார். பன்னிரண்டு கோடுகள். பதினொன்று கீழே ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகின்றன. ஒன்று மட்டும் காகிதத்தை விட்டே வெளியே போகிறேன் என்று நிற்கிறது. "சார், உங்க மரம் உதிர்க்கற இலையைப் பார்த்தா அது மாசம் ஒரு தடவை முழுசா மொட்டையாகி மறுபடி துளிர்க்கணும்" என்றார். நான் மரத்தைப் பார்த்தேன். அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை, தம்பி! அதுதான் கொடுமை. கண்ணை அகல விரித்துக்கொண்டு, "இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்காத ஏதோ ஒண்ணு இங்க நடக்குது" என்றார். மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, ஒரு வேனில் ஐந்து நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் பட்டையைச் சுரண்டினார். ஒருவர் வேரடி மண்ணைப் பொட்டலம் கட்டினார். ஒருவர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். ஒருவர் என்னிடம், "இதுக்கு என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்டார். தையல்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஆரம்பத்துலேர்ந்தே அந்த மரத்துக்கிட்ட ஏதோ இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்று சாட்சி சொன்னார். நான் மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் யாராவது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்கள். கடைசியில் தலை நரைத்த பேராசிரியர் என் தோளில் கை போட்டு, "இருபதாம் தேதி குழு முன்னால என் பேச்சை உங்க மரத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கப் போறேன்" என்றார்.

அவர் பேசக்கூடாது. பொய்யான ஒரு கோட்டை நம்பி நாளைக்கு யாரோ ஒரு முடிவு எடுப்பார்கள், அந்த முடிவில் ஏதாவது ஒரு காடு போகும். உண்மையாக அளந்த பதினொரு பேரின் உழைப்பும் என் துடைப்பத்தால் கேவலப்படும். அதைவிட என்னை நீக்கிவிடு. பன்னிரண்டு பதினொன்றாகும், வலையமைப்பு போய்விடும், ஏழு வருஷமாக நீ ஊர் ஊராக அலைந்து சேர்த்தது என் ஒருவனால் குட்டிச்சுவராகும். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னவன் நீதான், எழுதிவிட்டேன். என் பொறுப்பில் இருந்து திருப்பி ஒப்படைக்கும் சாமான்கள்: சுருள்வில் தராசு ஒன்று, மழைமானி ஒன்று, பூச்சி விழும் கிண்ணம் ஆறு, செடி வில்லை முப்பத்தேழு (பத்தொன்பது செடி இல்லாமல்), முளை எட்டு (நாலு தங்களுடையது அல்ல), விதிப் புத்தகம் ஒன்று, பக்கங்கள் சரி.

உன் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், தம்பி வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று உடைந்துபோவாள். உறையை நன்றாக ஒட்டித்தான் அவளிடம் தபாலில் சேர்க்கக் கொடுக்கிறேன். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. நீ எந்த அறையில் உட்கார்ந்தாலும் அந்த அறை உன்னால் விளங்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பொறுப்பாளர் (இன்று பிற்பகல் வரை), பன்னிரண்டாம் நிலையம்.

பி.கு. (வேறு கையெழுத்தில்)

தம்பிக்கு அக்கா எழுதறேன். இவர் ஒரு உறையை இவ்வளவு பசை போட்டு ஒட்டினா உள்ள ஏதோ இருக்குன்னு தெரியாதா? வெந்நீர் ஆவியில காட்டிப் பிரிச்சுட்டேன். அவர் உள்ளே படுத்திருக்கார், அதனால சுருக்கமா எழுதறேன்.

அவர் எழுதினது எதையும் கண்டுக்காதே. மூணாவது செவ்வாய்க்கிழமையே சமையலறை ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டேன், பெருக்கிப் பெருக்கிக் கூடையில போட்டுக்கிட்டு இருந்தார். சத்தம் போடலாம்னு கதவு வரைக்கும் வந்தேன். அவர் மூஞ்சியைப் பார்த்தேன். வேலையை விட்டு வந்ததுக்கப்புறம் அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை அந்த மூஞ்சியில நான் பார்க்கவே இல்லைடா. அதுக்கு முன்னால எட்டு மாசம் என் பின்னாடியே சமையலறையில நின்னுக்கிட்டு உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் எண் போட்டுக்கிட்டு இருந்தவர். பேசாம உள்ளே வந்துட்டேன்.

ஆனா உன் வேலை கெடக்கூடாதே. அன்னைக்குக் கூடையில தானா விழுந்தது நாலே நாலுதான்னு பெருக்கறதுக்கு முன்னாடி அவரே என்கிட்ட புலம்பினார், அதை அப்படியே குறிச்சுக்கிட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணிக்கு, அவர் பெருக்க வர்றதுக்கு முன்னாடி, கூடையில தானா விழுந்ததை என் சமையல் தராசுல எடை போட்டு எழுதிட்டு, திரும்பக் கூடையிலயே கொட்டிடுவேன். மூணு வருஷமா ஒரு வாரம் தப்பலை. பேறுகாலம் முடிஞ்சு பொண்ணையும் குழந்தையையும் அவ வீட்டுல கொண்டுவிடப் போனேனே, அந்த ரெண்டு செவ்வாயும் தையல்காரர் வீட்டம்மா சுவரேறிக் குதிச்சு எடை போட்டா. முதல் ரெண்டு வாரத்துக்கு அவர் எழுதினதே சரி. நோட்டை இந்தக் கடிதத்தோடயே வச்சு அனுப்பறேன். அந்தக் கண்ணாடி போட்ட அம்மாகிட்ட கொடுத்து, நடந்ததையும் உள்ளபடி சொல்லி, கோட்டை மறுபடி போடச் சொல்லு. மரத்தைக் கட்டிப்பிடிச்சவர்கிட்டயும் பக்குவமா சொல்லிடு, பாவம். இன்னும் முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும், அது என் தப்பு. சொன்னா நீ அவரை நிறுத்திடுவேன்னு பயந்தேன்.

இப்ப நீ ஒண்ணு செய்யணும். வெள்ளிக்கிழமையிலேர்ந்து அவர் பின்பக்கமே போகலை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். சாப்பாடு பாதி அப்படியே இருக்கு. உடனே ஒரு கடிதம் போடு. தம்பி மாதிரி எழுதாதே, ஆபீஸ் பாஷையில எழுது, அப்பத்தான் நம்புவார். ராஜினாமா ஏற்கப்படவில்லை, இலை எடை தனியே சரிபார்க்கப்பட்டுவிட்டது, பொறுப்பாளர் தமது பணியைத் தொடர வேண்டும், இனி கூடையில் தானாக விழுவதை மட்டும் எடை போட வேண்டும்னு எழுதி, முத்திரை குத்தி அனுப்பு. முத்திரை கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.

சொன்னபடி செய்வார், எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனாலும் நான் ஆறு மணிக்கு எழுந்திருக்கறதை விடப்போறதில்லை.